ஒரு பாம்புக்கு ஒரு கை

ஜூன் 9, திங்கள்

இன்று வண்டி ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போனேன். முன்கண்ணாடியையும் இறக்கி விட்டுக்கொண்டேன். எங்கள் கம்பெனி கேன்டீனில் சிரிக்காதவர் யாருமில்லை.

சிரிக்கட்டும். கண் என்னுடையது. கழுவும் தொட்டிக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர் முழுக்கக் கோவைக்கொடி ஏறிக் கிடக்கிறது. அதில் ஒரு பச்சைப் பாம்பு. இலைகளை விட ஒரு பங்கு கூடுதல் பச்சை. அடிவயிற்றோரம் மட்டும் வெளிர்மஞ்சளாக ஒரு கோடு. மூக்கு, சீவின பென்சில் மாதிரி கூராக நீட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் இதற்குப் பெயரே கண்கொத்திப் பாம்பு. கொடியில் காத்திருந்து, போகிறவர் வருகிறவர் கண்ணைக் குறிபார்த்துக் கொத்தும். அப்படிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

என்னோடு அடுப்படியில் நிற்கிற நஞ்சம்மா, பக்கத்தில் பேரிகை என்கிற ஊர்க்காரி. அவள் ஊரில் கதை வேறாம். "கண்ணெல்லாம் கொத்தாதுங்கக்கா. தலையில இருந்து வாலு வரைக்கும் ஒரே ஒரு தடவ உருவி உட்டாப் போதும், கைக்கு ருசி வந்துரும். எங்கூருல சமைக்கற பொம்பளைங்க தேடிப் போயி உருவுவாங்க."

என் கையில் ருசி ஏற்கெனவே இருக்கிறது, பாம்பு வந்து தர வேண்டியதில்லை என்றேன். அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். ஆமாம் என்று ஏன் சொல்லவில்லை?

ஜூன் 11, புதன்

அட்மின் செல்வம் சார் கூப்பிட்டுவிட்டார். "உக்காரும்மா" என்றதுமே கெட்ட சேதி என்று தெரிந்துவிட்டது. அவர் யாரையும் நிற்க வைத்தே பேசி அனுப்புகிற மனிதர்.

கேன்டீனை ஒரு பெங்களூர் காண்ட்ராக்டருக்கு விட்டுவிடலாம் என்று மேலே பேச்சு நடக்கிறதாம். அங்கேயே சமைத்து, கேனில் அடைத்து, வேனில் கொண்டுவந்து இறக்குவார்கள். ஆயுத பூஜை கழித்து முடிவு சொல்வார்களாம். ஏன் சார் என்றேன். சாப்பாடு சரியில்லை என்று சொல்கிறார்கள் என்றார். என்ன சரியில்லை, உப்பா, உறைப்பா? அது அவருக்கும் தெரியவில்லை. புகார்ப் பெட்டியில் விழுகிற சீட்டுகளில் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பாஷையிலும் அந்த ஒரே வரிதான் இருக்கிறதாம்.

ஒருத்தராவது என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்களா? கை கழுவிவிட்டு, "வர்றங்கக்கா" என்று சிரித்துக்கொண்டேதானே போகிறார்கள்? என்ன மனுசங்க இவுக. வாயத் தொறந்து சொன்னா கொறஞ்சா போயிருவாக? சிரிக்கிறாகளே, சிரிச்சுக்கிட்டே சீட்டுப் போடுறாகளே!

வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். போனால் போகட்டும், பேசாமல் வீட்டில் இரு என்கிறார். வீட்டில் இருந்து என்ன செய்ய? இந்த ஊரில் நான் யார் என்று கேட்டால் 'கேன்டீன் அக்கா' என்பார்கள். அதையும் பிடுங்கிவிட்டால், யாரோ வெள்ளைச்சாமி சம்சாரம். அவ்வளவுதான். நஞ்சம்மா வேலையும் என்னோடு சேர்ந்து போகும். எனக்கு இந்த அடுப்பு வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

இன்றைய புளிக்குழம்பு நன்றாகத்தான் இருந்தது. நானே இரண்டு முறை ஊற்றிக்கொண்டேன்.

ஜூன் 20, வெள்ளி

பாம்பு இடத்தைக் காலி செய்யவில்லை. கழுவுகிற பெண்களுக்குக் காவலாக, சாப்பாட்டு வேளை முடியும்வரை தொட்டியோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். பரிமாற நஞ்சம்மா இருக்கிறாள். 'கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பது' என்று பேச்சுக்குச் சொல்வோமே, இங்கே கண்கொத்திப் பாம்பையே அப்படிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் வியர்த்துக் கொட்டுகிறது.

அது ஒன்றுமே செய்வதில்லை. முன்னுடம்பைக் கொடிக்கு வெளியே நீட்டி, அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. காற்று அடித்தால் கொடியோடு சேர்ந்து தானும் ஆடுகிறது. இன்று காற்று நின்ற பிறகும் ஒரு ஆட்டம் கூடுதலாக ஆடிவிட்டது. அதில்தான் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். கள்ளி.

நாக்கை வெளியே நீட்டினால் நீட்டினபடியே வைத்துக்கொண்டிருக்கிறது, உள்ளே இழுப்பதில்லை. என்னைப் பார்த்துப் பழிப்புக் காட்டுகிறதோ? கருவிழி உருண்டையாக இல்லை. படுக்கைவாட்டில், சாவித் துவாரம் மாதிரி இருக்கிறது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என் கண்ணை ஏன் கேட்கப்போகிறது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இருந்தாலும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

ஜூலை 2, புதன்

ஹெல்மெட்டை மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதே வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

காரணம் ஒரு ஓணான். சுவர் மேல் ஏறி, தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு, ஊருக்கே நாட்டாமை மாதிரி உட்கார்ந்திருந்தது. பாம்பு அதைப் பார்த்துவிட்டது. பார்த்துவிட்டு ஓடவில்லை, பாயவில்லை. ஒரு விரல்கடை நகரும், நிற்கும். காற்று வரும், அந்தச் சாக்கில் இன்னும் கொஞ்சம் நகரும். நான் டீயைக் கையில் வைத்தபடி வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். டீ ஆறி ஏடு படிந்துவிட்டது. கடைசியில் ஒரே எட்டு. ஓணானின் கழுத்தைக் கவ்வி அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. அதன் துடிப்பு அடங்கும்வரை விடவில்லை. அப்புறம் தலைப்பக்கமிருந்து மெதுவாக விழுங்கியது. பென்சில் மூக்குக்குள் அத்தனை பெரிய ஓணான் எப்படிப் போனது என்று இன்னமும் விளங்கவில்லை.

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பொறுமை இருக்கிறதே, எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. சாப்பிட்டுவிட்டு இலைமறைவில் சுருண்டு படுத்துக்கொண்டது. நஞ்சம்மாவிடம் சொன்னேன். அது மனிதனைக் கடித்தாலும் கொஞ்சம் வீங்கி அடங்கிவிடும், அதற்கு மேல் ஒன்றுமில்லை, அதுவும் நாம் போய்ப் பிடித்து இம்சை செய்தால்தான் கடிக்கும் என்றாள். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் ஹெல்மெட்டுக்குள் வெந்திருக்க வேண்டியதில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பாம்பைப் பார்க்க உட்கார்ந்தவள் இன்று தட்டைப் பார்த்தேன்.

இத்தனை வருஷமாக நான் நின்றது அடுப்பிலும் பரிமாறுகிற மேஜையிலும். அங்கே நின்றால் முகம் தெரியும். கழுவுகிற இடத்தில் உட்கார்ந்தால்தான் தட்டு தெரிகிறது. பொரியல் காலி. மோர் காலி. சோற்றில் ஒரு ஓரம் மட்டும் சிவப்பாக ஒதுங்கி நிற்கிறது. அடுத்த தட்டு, அதற்கடுத்த தட்டு, எல்லாமே அப்படித்தான். என் புளிக்குழம்பைத் தொட்ட இடத்தை மட்டும், ஏதோ அழுக்கை விலக்குவது போல விலக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு தட்டுகள் வழித்து நக்கினது மாதிரி வந்தன. எங்கள் பக்கத்துப் பையன்களுடையவையாக இருக்கும்.

சட்டியில் மிச்சமிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். அமிர்தமாக இருந்தது. எனக்குப் புளிப்பே தெரியவில்லை. அங்கேதான் கோளாறு.

எம்புட்டு குழம்பு. எம்புட்டு நாளா இப்படிக் கொட்டியிருக்காக. நான் அந்தப் பக்கம் நின்னு சிரிச்சுச் சிரிச்சு ஊத்தியிருக்கேன்.

ஜூலை 10, வியாழன்

குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தாளே என்று நேற்று முழுக்க நஞ்சம்மாவோடு பேசவில்லை. இன்று நானே போய், உங்கள் வீட்டில் குழம்பு எப்படி வைப்பீர்கள் என்று கேட்டேன்.

குழம்பு இல்லை, சாறு என்றாள். கொள்ளுச் சாறு, கீரைச் சாறு, அவரைக்கொட்டைச் சாறு. பருப்பையோ பயறையோ வேகவைத்து, கொஞ்சம் வெந்ததையும் தேங்காயையும் வெங்காயத்தையும் வதக்கி அரைத்துவிட்டு, புளி பெயருக்குக் காட்டினால் போதும். களியைப் பிட்டுத் தொட்டு விழுங்கத் தோதாக இருக்க வேண்டும். இதையெல்லாம் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன்.

"நீங்க கேக்கவே இல்லீங்களேக்கா. நானாச் சொன்னா மூஞ்சியத் தூக்கிக்குவீங்க."

நான் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டேன். அவள் 'பார்த்தீங்களா' என்பது போல் என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

கொள்ளுச் சாறு. அரைத்தது நஞ்சம்மா, தாளித்தது நான். பாதிக்கு மேல் தட்டுகள் சுத்தம். புளிக்குழம்பு எங்கள் பக்கத்துப் பையன்களுக்காகச் சின்னச் சட்டியில் தனியாக.

ஜூலை 22, செவ்வாய்

இன்று ஒரு கூத்து. கைப்பிடித் துணி காற்றில் பறந்து கொடியில் மாட்டிக்கொண்டது. நீளக் கரண்டியின் காம்பை நீட்டி எடுக்கப் போனேன். பாம்பு, கரண்டியை இன்னொரு கிளை என்று நினைத்ததோ என்னவோ, அதன் மேலேறி என் கைவரைக்கும் வந்து, திரும்பி, நிதானமாகப் போய்விட்டது. என்னைத் தொடவில்லை.

பின்னாலிருந்து பார்த்த நஞ்சம்மாவுக்கு என் முதுகும், நீட்டின கையும், கையோரம் நெளிகிற பாம்பும்தான் தெரிந்திருக்கிறது. மதியத்துக்குள் கம்பெனி முழுக்கச் செய்தி: கேன்டீன் அக்கா பச்சைப் பாம்பை உருவிவிட்டாள், அதனால்தான் பத்து நாளாகச் சாப்பாடு இப்படி இருக்கிறது. பத்து நாள் முந்தியது, உருவினது இன்றைக்கு. கணக்கு உதைக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அசெம்பிளி லைன் பெண் சுவேதா என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். அப்புறம் எப்படி இல்லை என்பது? சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய்யும் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை.

ஜூலை 23, புதன்

வினை வந்துவிட்டது. சாப்பாட்டு வேளையில் கொடி முன்னால் பெண்கள் கூட்டம். எல்லாருக்கும் பாம்பை உருவ வேண்டும். புதிதாகக் கல்யாணமானவள், மாமியாரிடம் பேச்சு வாங்குகிறவள், ஹாஸ்டலில் நூடுல்ஸ் கிண்டுகிறவள். ஒருத்தி கொடியை விலக்கிக் கையை உள்ளே விட்டேவிட்டாள். பாம்பு கழுத்தை உப்பிக்கொண்டு வாயைத் திறந்து காட்டியது. உப்பினபோது பச்சைக்கு நடுவே கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிக்கட்டம் தெரிந்தது. அதற்குப் பயம் என்று எனக்கு உடனே தெரிந்தது. ஓணானிடம் அது ஒருநாளும் அப்படிக் காட்டியதில்லை.

என்னையறியாமல் ஒரு அதட்டல் போட்டேன். "தொடாதீங்க. ஒரு பாம்புக்கு ஒரு கைதான். இன்னொரு கை பட்டா ரெண்டு கையிலயும் ருசி போயிரும்."

எங்கிருந்து வந்தது இந்தச் சாஸ்திரம்? தெரியாது. நஞ்சம்மாவே, "ஆமாமா, அப்படித்தான்" என்று தலையாட்டினாள். கூட்டம் கலைந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. கெலவரப்பள்ளி அணைக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனோம். மதகடியில் பொங்கிக் கிடந்த கழிவுநீர் நுரையைப் பார்த்துவிட்டு, தள்ளி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். புளிச்சோற்றைப் பிரித்ததும் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என்னடி, புளியக் கொறச்சிட்ட? பாம்பு சொல்லுச்சா?"

கை பழகிவிட்டது போலிருக்கிறது. வீட்டுக்குத் தனிக் கை, கேன்டீனுக்குத் தனிக் கை வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கொடியில் பாம்புச் சட்டை கிடைத்தது. முழுசாக, உள்வெளியாகத் திரும்பிய காலுறை போல. கண் இருக்கும் இடத்தில் ஓட்டை இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அங்கேயும் கண்ணாடியாக ஒரு சின்ன வில்லை இருக்கிறது. கண்ணுக்கும் சேர்த்துச் சட்டை போட்டிருக்கிறது! என்னைப் போலவே அதுவும் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

புதுப்பச்சையில் மினுமினுக்கிறது. இடுப்பு மட்டும் பருத்த மாதிரி தெரிகிறது. ஓணான் சாப்பிட்டதா?

செப்டம்பர் 9, செவ்வாய்

வெளிநாட்டுக் கஸ்டமர் பார்வையிட வருகிறார்களாம். காம்பவுண்டு பளிச்சென்று இருக்க வேண்டுமாம். ஹவுஸ்கீப்பிங் முனிராஜ் புல்வெட்டும் மெஷினோடு வந்து நின்றான். கோவைக்கொடியை வேரோடு எடுக்கச் சொல்லியிருக்கிறார் செல்வம் சார்.

ஓடினேன். சார், அதில் ஒரு ஜீவன் இருக்கிறது என்றேன். பாம்பு இருப்பதால்தான் எடுக்கச் சொன்னேன் என்றார். வேலை ஊசலாடுகிற நேரத்தில் மேலே எதிர்த்துப் பேச எனக்கு ஏது வாய்? அடுப்படிக்கு வந்து, நஞ்சம்மா பார்க்கும்படியே அழுதேன். பாம்புக்காக அழுகிறேனா, கேன்டீனுக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் மதியச் சாப்பாட்டில், நான் ஒரு வார்த்தை சொல்லாமலே, வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக செல்வம் சாரிடம் சொல்லியிருக்கிறார்கள்: பாம்பு போனால் சாப்பாடும் போய்விடும் சார். அவர் கையில் அப்போது இரண்டாவது தரம் வாங்கிய கீரைச் சாறு. இன்று வெட்ட வேண்டாம், நாளைக்குப் பார்ப்போம் என்றாராம்.

செப்டம்பர் 10, புதன்

முனிராஜ் நாட்றாம்பாளையத்துப் பையன். வாய் அதிகம் பேசாது, மூளை பேசும். காலையில் பெயிண்ட் டப்பாவோடு வந்தான். "கோடு போட்டுட்டா வெட்ட முடியாதுங்கக்கா" என்றான்.

இந்தக் கம்பெனியில் எதைச் சுற்றி மஞ்சள் கோடு இருக்கிறதோ, அது அங்கே இருக்க உரிமையுள்ள பொருள். குப்பைத்தொட்டிக்குக் கோடு, தீயணைக்கும் சிலிண்டருக்குக் கோடு, விளக்குமாற்றுக்கும் கோடு. கோடு இல்லாமல் கிடந்தால்தான் ஆடிட்டில் தப்பு. கொடி நிற்கிற மண்ணைச் சுற்றி அழகாகக் கட்டம் கட்டினான். என் பெயரைப் போட்டு போர்டும் மாட்டினான்:

பொருள்: கொடி
இடம்: கேன்டீன் பின்புறம்
பொறுப்பு: பொற்கொடி

செல்வம் சார் வந்து பார்த்தார். கோட்டைப் பார்த்தார், போர்டைப் படித்தார், என்னைப் பார்த்தார். கோடு நேராக இருக்கிறதா என்று மட்டும் முனிராஜைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

செப்டம்பர் 12, வெள்ளி

கஸ்டமர்கள் வந்தார்கள், போர்டைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். பாம்பு அத்தனை நேரமும் அவர்கள் தலைக்கு மேல் கொடியோடு ஆடிக்கொண்டிருந்தது. ஒருவர் கண்ணிலும் படவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

பாம்பைக் காணோம். திங்களிலிருந்தே இல்லை. மழை விடாமல் பெய்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. நஞ்சம்மாவிடம்கூட.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. நான் என் நீளக் கரண்டிக்குப் பொட்டு வைத்தேன், பாம்பு ஏறி வந்த அந்தக் கரண்டிக்குத்தான்.

மேலேயிருந்து பெரியவர்கள் எல்லாரும் சாப்பிட வந்தார்கள். பாம்பு இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். என் கையில் ருசி பாம்பால் வந்ததில்லை என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்படியிருந்தும் தாளிக்கும் முன் என் கையை நானே ஒருமுறை முகர்ந்து பார்த்தேன். பைத்தியக்காரி, நீ கட்டின கதையை நீயே நம்புகிறாயா? பரிமாறி முடித்ததும் தொட்டிக்கு ஓடினேன். வந்த தட்டெல்லாம் காலி. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் கொடியைத்தான் அண்ணாந்து பார்த்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

வந்துவிட்டாள்! அவள்தான். இடுப்பு ஒட்டிப்போய், பசி முகத்தோடு, பழைய இடத்தில் அந்தரத்தில் நிற்கிறாள். இனிமேல் 'அது' என்று எழுத முடியாது. ஏனென்றால் பக்கத்து இலைகளுக்குள் விளக்குமாற்றுக் குச்சி தடிமனில், பச்சையாகக் குட்டிகள். இந்தப் பாம்பு முட்டை போடாதாம், குட்டியாகவே போடுமாம், நஞ்சம்மா சொன்னாள். பருத்தது ஓணானால் இல்லை. பெற்றதும் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுகிற பழக்கம் எதுவும் இல்லை. அவை தங்கள் பாட்டுக்கு ஆளுக்கொரு இலையில். அவள் தன் பாட்டுக்கு. பிறந்ததுமே காற்றுக்குத் தக்க ஆடக் கற்றிருக்கின்றன.

நஞ்சம்மா விரல் விட்டு எண்ணினாள். "ஏழு குட்டி. ஒரு பாம்புக்கு ஒரு கைன்னீங்க. ஏழு கை கணக்குக்கு வருதில்லீங்களா?"

மாட்டிக்கொண்டேன். குட்டிக்கு ஒரு வயசாவது ஆக வேண்டும் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அக்கா, நீங்க உருவவே இல்லைதான?"

நான் குட்டிகளை இன்னொரு தரம் எண்ணினேன். "எனக்குத் தெரியும்" என்றாள். "அன்னைக்கே உங்க கரண்டியப் பாத்தன். கரண்டி சங்கதிய யாருகிட்டயும் சொல்லல." சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய!

அக்டோபர் 10, வெள்ளி

செல்வம் சார் நிற்க வைத்தே பேசினார். பெங்களூர்க்காரர் வரவில்லையாம், கேன்டீன் எங்களிடமே இருக்குமாம். நாளைக்குக் கொள்ளுச் சாறா என்று கேட்டார். நஞ்சம்மாவைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

டிசம்பர் 18, வியாழன்

பிதுக்கம்பருப்புச் சீசன். மொச்சையை ஊறவைத்து, கேன்டீன் ஆட்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து தோலைப் பிதுக்கி எடுத்தோம். கை வலித்தாலும் கதை பேசித் தீர்த்ததில் தெரியவில்லை. குட்டிகள் எங்கெங்கோ போய்விட்டன. ஒன்று மட்டும் முனிராஜின் மஞ்சள் கோட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. குளிருக்கு அம்மாக்காரி வெயில் வரும் வரை சுருண்டுதான் கிடக்கிறாள்.

அப்படிக் கிடந்தவளை இன்று தொட்டேன். ருசிக்காக இல்லை. ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். நஞ்சம்மா பக்கத்தில் நின்றாள். உருவவில்லை, முதுகில் ஒரு விரலை மட்டும் வைத்தேன். வழவழவென்று ஈரமாக இருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சுத்தமாக உலர்ந்து, சில்லென்று, முறுக்கின பட்டுக்கயிறு மாதிரி இருந்தாள். அவள் அசையவில்லை. நாக்கை மட்டும் நீட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் படபடப்போடு வந்து பருப்புச் சாற்றுக்கு உப்புப் போட்டேன். போட்டதை மறந்து இன்னொரு தரமும் போட்டிருக்கிறேன். தெரிந்தது எப்போது? முதல் பந்தியில் முனிராஜ் தட்டோடு எழுந்து நேராக என்னிடம் வந்தபோது.

"அக்கா, உப்பு ஜாஸ்தி."

அதிகம் பேசாத பையன். அவன் பின்னால் சுவேதா: "அக்கா, இன்னிக்கு உப்பு." அவள் பின்னால் எங்கள் ஊர்ப் பையன்கள், லைன் ஆட்கள், கன்னடத்தில் ஒருவர், தெலுங்கில் ஒருவர். கடைசியாக செல்வம் சார். ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சிரித்துவிட்டுப் போனார்கள். ஜூன் மாதம் பெட்டிக்குள் சீட்டுப் போட்ட அதே ஆட்கள். நஞ்சம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நான் மூஞ்சியைத் தூக்கிக்கொள்ளவில்லை. வெந்நீர் விளாவி, இன்னும் கொஞ்சம் பருப்பைச் சேர்த்து, இரண்டாம் பந்திக்குச் சரிசெய்தோம். புகார்ப் பெட்டியை ஆட்டிப் பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லை. நாளைக்கு உப்பு நஞ்சம்மா போடட்டும்.